புதுப்பித்த பழைய மர மோட்டார் படகை நம்பி வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

படத்தில் வார்னிஷ் மின்னுகிறது, விளம்பரத்தில் ‘முழுவதும் புதுப்பித்தது’ என்று போட்டிருக்கிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் அடிப்பாகத்தில் என்ன வேலை செய்தார்கள் என்று தெரியாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் இருப்பது மிச்சிகனில். கிரிஸ்-கிராஃப்ட் படகுகளின் சொந்த ஊரான அல்கொனாக் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். கிறிஸ்டஃபர் கொலம்பஸ் ஸ்மித்தும் அவர் மகன்களும் 1922-இல் அங்கே தொடங்கிய கம்பெனி அது. அதனால் இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் அந்த மஹாகனிப் படகுகள் இன்னும் இருக்கின்றன, குளிர் முடிந்ததும் ஒன்றிரண்டு விற்பனைக்கு வரும். நான் பார்த்த முதல் படகும் அப்படி வந்ததுதான். முகம் பார்க்கலாம் போல வார்னிஷ், புது இருக்கைகள், பளபளக்கும் குரோம். அன்றே பணத்தைக் கொடுத்துவிட மனம் துடித்தது. மனைவி சொன்னதால்தான் மரப் படகுகளைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் ஒருவரை அழைத்துப் போனேன்.

அவர் வார்னிஷைத் தொடவே இல்லை. தரைப்பலகையைத் தூக்கி வைத்துவிட்டு டார்ச்சோடு உள்ளே படுத்தார். படகின் விலா எலும்பு போல இருக்கும் கட்டைகளைத் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் வங்கு என்பார்கள். பக்கப் பலகையும் அடிப்பலகையும் சேரும் மூலையில் அந்த வங்குகள் கறுத்திருந்தன. குத்தூசியை வைத்து லேசாக அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. வெளியே புதுப் பலகை, அதைத் தாங்கும் மரம் மக்கிப்போனது. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே அது தெரிந்திருக்காது.

அந்தக் காலத்து கிரிஸ்-கிராஃப்ட் அடிப்பாகம் இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லிய பலகைகள் சாய்வாக ஓடும், வெளியே தடித்த பலகைகள் நீளவாக்கில் ஓடும், நடுவில் பசையில் தோய்த்த கேன்வாஸ் துணி. பலகைகள் தண்ணீரில் ஊறி உப்பினால்தான் இடுக்குகள் அடைபடும். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த படகை மே மாதம் இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும், ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். புதிதாக வாங்கியவர் பயந்துபோய் இடுக்குகளில் கெட்டியான பசையை அடைத்துவிடுவார். அப்புறம் பலகை உப்பும்போது போக இடமில்லாமல் திருகாணிகளையும் வங்கையும் நெருக்கி உடைக்கும்.

இப்போது பலர் அந்தக் கேன்வாஸை எடுத்துவிட்டு, 3எம் கம்பெனியின் 5200 என்ற பாலியூரித்தேன் பசையில் இரண்டு அடுக்கையும் ஒட்டிவிடுகிறார்கள். ‘5200 பாட்டம்’ என்று விளம்பரத்திலேயே வரும். ஊறவைக்க வேண்டாம், இறக்கிய உடனே ஓட்டலாம். பழைய முறையில் கட்டியதுதான் அசல் என்பவர்களின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் படகை டிரெய்லரில் வைத்திருந்து வார இறுதியில் மட்டும் இறக்குபவருக்கு 5200-தான் ஏற்றது. மக்கிய வங்கின்மேல் அதைப் பூசியிருந்தால் மட்டும் பயனில்லை, பிறகு பிரித்தெடுப்பதே பெரும்பாடு. பலகைக்கு மேல் ஃபைபர்கிளாஸ் போர்த்திய படகென்றால் நான் விட்டுவிடுவேன். உள்ளே மக்குவது வெளியே தெரியாது.

அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, படகைக் கவிழ்த்துப்போட்டு வேலை செய்தபோது எடுத்த படங்கள். எத்தனை வங்குகளை மாற்றினார்கள், ஏரா, அதாவது நடு அடிமரம், புதிதா பழையதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். என்ன திருகாணி போட்டார்கள் என்றும் கேளுங்கள். பழைய பித்தளைத் திருகாணியில் துத்தநாகம் கரைந்து போனால் செம்பு நிறமாகி, திருப்பினாலே ஒடியும். சிலிக்கான் வெண்கலம் என்று சொன்னால் நல்லது.

இரண்டு வருடம் தேடிய பிறகு நான் வாங்கியது 1950களின் தொடக்கத்தில் கட்டிய 18 அடி ரிவியேரா, கிரிஸ்-கிராஃப்டின் மாடல்களில் ஒன்று. வார்னிஷ் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அதை விற்ற பெரியவர் அடிப்பாக வேலைக்கு ஒரு ஆல்பமே வைத்திருந்தார், ஒவ்வொரு வங்கும் படத்தில் இருந்தது. எஞ்சின் மூடியின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருந்த படகு எண்ணைக் குறித்துக்கொண்டேன். விர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் ஊரிலுள்ள மரைனர்ஸ் மியூசியத்தில் கிரிஸ்-கிராஃப்டின் ஆவணங்கள் இருக்கின்றன. அந்த எண்ணைக் கொடுத்தால் தொழிற்சாலைப் பதிவட்டையின் நகல் கிடைக்கும். 95 குதிரைசக்தி ‘கே’ எஞ்சின், எங்கள் படகோடு தொழிற்சாலையிலிருந்து வந்ததேதான் என்று அட்டையைப் பார்த்து உறுதியானபோது வந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

விலையைப் பொறுத்தவரை, புதுப்பிக்கச் செலவழித்த பணம் விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே மக்கிய படகை மலிவாக வாங்கி வேலை செய்வதைவிட, நன்றாகச் செய்து முடித்ததை வாங்குவதே செலவு குறைவு. வாங்கிய பிறகும் வருடந்தோறும் ஓரிரு பூச்சு வார்னிஷ் உண்டு, உறைபனிக்கு முன் எஞ்சினிலிருந்து தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் ஆகஸ்டில் மிச்சிகனின் ஹெசல் ஊரில் நடக்கும் மரப் படகுக் கண்காட்சிக்குப் போய்வாருங்கள், சொந்தக்காரர்கள் நின்று பொறுமையாகப் பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று, இது உயிர் விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், படகின் அடியில் தேங்கி நிற்கும். சாவியைத் திருப்புவதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், பிறகு அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை 4 நிமிடமாவது ஓடவிடுங்கள். சோதனை ஓட்டத்துக்குப் போகும் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள்.