11 கிலோவாட் பாக்ஸ் மாட்டியும் கார் 3.6-ஐத் தாண்டவில்லையே, ஏன்?

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு. என் கார் வீட்டு சார்ஜிங்கில் 7.2 கிலோவாட் வரை ஏற்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று 11 கிலோவாட் வால்பாக்ஸ் வாங்கி மாட்டினேன். மதியம் போட்டால் 3.6 கிலோவாட் காட்டுகிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் 3.1-க்கு இறங்கிவிடுகிறது. எம்சிபியைப் பெரிதாக மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?”

மாற்ற வேண்டாம். எம்சிபி, அதாவது சுமை மீறினால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச், கரண்டைக் குறைக்கிற சாமான் இல்லை. விட்டால் முழுதாக விடும், தாங்காவிட்டால் விழும். விழாத எம்சிபியைப் பெரிதாக்குவதால் ஒரு ஆம்ப்கூட ஏறாது. சுவருக்குள் ஓடும் வயருக்கு இருந்த காவல்தான் போகும். உங்கள் பாக்ஸும் பழுது இல்லை, காரும் பழுது இல்லை என்பது என் கணிப்பு. இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம்தான் சரியில்லை.

சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைச் சார்ஜர் என்று எல்லோரும் சொல்கிறோம். பேட்டரிக்கு வேண்டிய டிசி மின்சாரமாக மாற்றுகிற நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி ஒரு காவலுள்ள சுவிட்ச், அவ்வளவே. அது காரிடம் “இதற்கு மேல் இழுக்காதே” என்று ஒரு எண்ணைச் சொல்லும். காரில் செருகும் கைப்பிடியான கன்னில் இருக்கும் சிறு பின் ஒன்றின் வழியாக நொடிக்கு ஆயிரம் துடிப்புகளாக ஒரு சிக்னல் போகிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதே அந்த எண். சுமார் 27 சதவீதம் என்றால் 16 ஆம்ப். 53 சதவீதம் என்றால் 32 ஆம்ப். ஐஇசி 61851 என்ற உலகத் தரம் வகுத்த முறை இது. கார் அந்த எண்ணுக்குள்தான் இழுக்கும். கார் குறைவாக இழுத்தால் பெட்டியால் தள்ளிவிடவும் முடியாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 11 கிலோவாட் என்பது மூன்று ஃபேஸிலும் தலைக்கு 16 ஆம்ப். 16 ஆம்பை 230 வோல்ட்டால் பெருக்கினால் 3,680 வாட், அதை மூன்றால் பெருக்கினால் 11 கிலோவாட். உங்கள் காரின் 7.2 கிலோவாட் என்பதோ ஒரே ஃபேஸில் 32 ஆம்ப். கார் முதல் ஃபேஸை மட்டும் பயன்படுத்துகிறது. மற்ற இரண்டும் கன் வரை வந்து சும்மா நிற்கின்றன. முதல் ஃபேஸுக்குப் பெட்டி சொல்லும் வரம்பு 16 ஆம்ப். ஆகவே 3.6-தான் கிடைக்கும். ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் மாதிரி மூன்று ஃபேஸிலும் இழுக்கிற கார் ஒன்றைக் கொண்டுவந்து இதே கன்னை மாட்டினால் 11 கிலோவாட் வரை போகும். விற்பவர்கள் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பெரிய எண் வாங்கினால் வேகம் கூடும் என்று நினைப்பது வாடிக்கையாளர் தப்பு இல்லை.

உறுதி செய்துகொள்ள வேண்டுமா? கார் சார்ஜிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், விரலை விடாதீர்கள். மேலே இரண்டு சின்ன பின், நடுவில் மூன்று, அதற்குக் கீழே இரண்டு. (எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பருமனான இரண்டும் ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு, அதை விடுங்கள்.) அந்தக் கீழ் இரண்டு துளைகளுக்குள் உலோகமே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சிங்கிள் ஃபேஸ் கார்.

ராத்திரி 3.1-க்கு இறங்குவது வேறு கதை. அங்கே குறைவது கரண்ட் இல்லை, வோல்ட்டேஜ். நீங்கள் எழுதிய எண்களையே 16-ஆல் வகுத்துப் பாருங்கள்: மதியம் 225 வோல்ட், ராத்திரி 194. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம் அது. ஆனால் இதை ஈபி தலையில் போட்டுவிட்டுப் போகும் முன் ஒரு அளவு எடுக்க வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டர் போர்டில் ஒரு ரீடிங், சார்ஜருக்கு முன்னால் இருக்கும் ஐசோலேட்டரில் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒரு ரீடிங். இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்துக்கும் நாலைந்து வோல்ட் வித்தியாசம் இருந்தால் இயல்பு. 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 25 மீட்டர் ஓடினால் 16 ஆம்பில் 4 வோல்ட் போகத்தான் செய்யும். பதினைந்து வோல்ட் விழுகிறது என்றால் எங்கோ ஒரு முனை லூசாக இருக்கிறது. 15 வோல்ட், 16 ஆம்ப், பெருக்கினால் 240 வாட். சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைப்போலப் பத்து அயர்ன் ஒரு ஸ்க்ரூவின் கீழே மூன்று மணி நேரம் சூடேறிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு டிபி பாக்ஸை (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) திறந்தால் பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) முனையில் இன்சுலேஷன் பழுப்பேறி, ஸ்க்ரூ ஓரம் கறுத்திருக்கும். அந்த நுனியை வெட்டிவிட்டு, நல்ல செம்பு வரும்வரை சீவி, லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) போட்டு இறுக்க வேண்டும். கறுத்த நுனியையே மறுபடி முறுக்கி வைத்தால் அடுத்த மாதம் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

மீட்டர் போர்டிலேயே வோல்ட்டேஜ் குறைவு என்றால் மூன்று ஃபேஸையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுபோலக் குறைவா, அது டிரான்ஸ்ஃபார்மர் அல்லது லைன் விவகாரம், ஈபியில் புகார் கொடுங்கள். ஒன்று மட்டும் 195, மற்றவை 225-க்குப் பக்கம் என்றால் அந்த ஃபேஸில் தெரு முழுக்கச் சுமை. இதற்கு ஒரு எளிய வழி உண்டு: சார்ஜருக்குப் போகும் மூன்று ஃபேஸையும் வரிசை மாறாமல் ஒரு இடம் சுற்றிப் போட்டால், நல்ல ஃபேஸ் முதல் முனைக்கு வந்துவிடும். கார் இழுப்பது அதிலிருந்துதானே. லோடு பேலன்சிங்குக்கு (வீட்டுச் சுமை ஏறும்போது சார்ஜிங்கைக் குறைக்கும் ஏற்பாடு) சிடி கிளாம்ப், அதாவது வயரைச் சுற்றிக் கரண்டை அளக்கும் வளையம், மாட்டியிருந்தால் அதையும் அதே வரிசையில் மாற்ற மறக்கக் கூடாது. ஒன்று 195, இன்னொன்று 255 என்று காட்டினால் மட்டும் விளையாட வேண்டாம். நியூட்ரல் இணைப்பு விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சார்ஜிங்கை நிறுத்தி, மெயினை அணைத்து, ஈபி ஆட்களை உடனே கூப்பிடுங்கள். டிவியும் ஃப்ரிட்ஜும் போவது அப்படித்தான்.

சரி, 7.2 வேண்டுமென்றால் என்ன செய்வது? என்னைக் கேட்டால், முதலில் வேண்டுமா என்று யோசியுங்கள். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டினால் செலவாவது பத்து யூனிட் அளவில். இப்போதிருக்கும் வேகத்தில் மூன்று மணி நேரம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆரம்பிக்கும்படி ஷெட்யூல் போட்டுவிட்டால் வோல்ட்டேஜும் தேறியிருக்கும், விடிவதற்குள் வேலையும் முடிந்திருக்கும். கரண்டை இரட்டிப்பாக்கினால் வயரில் சூடு நான்கு மடங்கு. அதற்கு ஏற்ற அவசரம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இருக்கிறது என்றால், சிங்கிள் ஃபேஸ் 32 ஆம்ப் கொடுக்கும் 7.4 கிலோவாட் பெட்டிக்கு மாறுங்கள். சில 11 கிலோவாட் பெட்டிகளுக்குள் இருப்பது 22 கிலோவாட் பாகங்களே. உள்ளே ஒரு சின்ன சுவிட்ச்சால் 16 ஆம்புக்கு அடக்கியிருப்பார்கள். அது உங்கள் மாடலா என்று கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் 16 ஆம்புக்காக இழுத்த வயரை வைத்துக்கொண்டு அந்தச் சுவிட்சைத் திருப்பக் கூடாது. 32 ஆம்ப் மணிக்கணக்கில் ஓட 6 ஸ்கொயர் எம்எம் செம்பு குறைந்தபட்சம், தூரம் அதிகமென்றால் 10. எம்சிபி 40 ஆம்ப். அதே ஃபேஸில் ஒன்றரை டன் ஏசி 7 ஆம்ப், கீசர் 9 ஆம்ப் என்று சேர்ந்தால் 48 ஆகிவிடும். அதனால் கீசரையும் ஏசியையும் மற்ற ஃபேஸுக்குத் தள்ளுங்கள். ஈபி கார்டில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் கூட்டி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இதே தொல்லையோடு, ஆனால் சரியான 7.4 பெட்டியே வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. எப்போதும் 16 ஆம்பிலேயே நின்றால், மாட்டியவர் உள்ளே சுவிட்சையோ ஆப்பில் வரம்பையோ 16-இல் விட்டுவிட்டுப் போயிருப்பார். காரின் திரையிலும் கரண்ட் வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக 20-இல் நின்றால் கேபிளைப் பாருங்கள். தனியாகக் கழற்றும் கேபிளின் பிளக்குக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். 680 ஓம் என்றால் 20 ஆம்ப் கேபிள், 220 ஓம் என்றால் 32. எண்ணை அது அறிவித்துவிட்டால் வேறு யார் சொல்லியும் ஏறாது. சாயங்காலம் மட்டும் 6, 10 என்று ஏறி இறங்கினால் லோடு பேலன்சிங் தன் வேலையைச் செய்கிறது; வீட்டில் எதுவும் ஓடாதபோதும் அப்படியே என்றால் சிடி கிளாம்ப் தவறான வயரில் மாட்டியிருக்கும். 32-இல் ஆரம்பித்து அரை மணி கழித்து இறங்கினால் சூடு. மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும் இடத்தில் பெட்டி இருந்தால் ஒரு தகரக் கூரை போட்டுப் பாருங்கள். நிழலிலும் இறங்கினால் முனைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.