தோழியின் முதல் படம், என் அம்மாயியின் கதை

அன்புள்ள மேடம்,

வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 31. சினிமாவில் உதவி இயக்குநர். அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, மஞ்சள் காட்டைப் பார்க்க ஆளில்லை என்று ஊருக்கு வந்தேன். அறுவடை முடிந்து, வேக வைத்துக் காயப்போட்டு, ஈரோட்டுக்கு மூட்டையும் போய்விட்டது. அப்பாவும் எழுந்து நடக்கிறார். நான்தான் இன்னும் சென்னைக்குக் கிளம்பவில்லை.

எனக்கு ஒரு தோழி. பெயர் வேண்டாம். கோவையில் விஸ்காம் படித்தபோது ஹாஸ்டலில் ஒரே ரூம். அவளுக்குப் பல்லடம் பக்கம், வீட்டில் விசைத்தறி. பொழுதன்னிக்கும் எங்களுக்குள் சினிமாப் பேச்சுதான். எங்கள் ஊர்ப்பக்கம் ஷூட்டிங் என்பது புதிதில்லை. கொடிவேரியிலோ பாரியூரிலோ கேமரா வைத்தால் ஊரே போய் நிற்கும். பெண்பிள்ளை அதை வேடிக்கை பார்க்கலாம். அதில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால்தான் வீட்டில் இடி விழும். என் வீட்டில் விழுந்த இடியை அவள்தான் வந்து சமாளித்தாள். திண்ணையில் உட்கார்ந்து, "உங்க புள்ளைய நான் பாத்துக்கிறனுங்ப்பா" என்று சொன்னாள். அப்பா அவளை நம்பித்தான் என்னை அனுப்பினார்.

சாலிகிராமத்தில் ஒரே அறை. அவளுக்குச் சம்பளம் வராத மாதம் என் பேட்டாவில் சாப்பிட்டோம், எனக்கு வராத மாதம் அவளுடையதில். கதை சொல்ல யார் போனாலும் மற்றவள் கூடப் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். அவள் மேலே ஆபீஸில் கதை சொல்லும்போது நான் கீழே டீக்கடையில் இருப்பேன். அரை மணிக்கு ஒருமுறை போன் அடிப்பேன். எடுத்து "சொல்றேன்ம்மா" என்றால் சரி. எடுக்கவில்லை என்றால் நேராக மேலே போய்க் கதவைத் தட்டுவது. ஒரு தடவை தட்டவும் செய்தேன். அந்தத் தயாரிப்பாளர் முகம் போன போக்கை நினைத்து இன்றைக்கும் சிரிப்போம்.

இப்போது அவளுக்குப் படம் கிடைத்துவிட்டது. ஆவணியில் பூஜை. முதல் ஷெட்யூல் எங்கள் கோபியிலேயே. "நீதான்டி அசோசியேட் டைரக்டர். நீ இருந்தாத்தான் எனக்குத் தெம்பு" என்கிறாள். "பார்க்கலாம்டி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். போஸ்டர் வந்த அன்றைக்கு ஸ்டேட்டஸ் வைத்தேன், எல்லோருக்கும் அனுப்பினேன், அவளுக்கு வாய்ஸ் மெசேஜில் கத்தி வாழ்த்துச் சொன்னேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன். எங்கள் சித்தி வந்து அம்மாவிடம், "கூடப் போன புள்ள டைரக்டரே ஆயிருச்சு, உம்பட புள்ள சாணி வழிச்சிட்டிருக்குது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பியிருந்தாள். இடைவேளைக்கு முன்னால் வருவது என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், கதை. அம்மாயி கோழிமுட்டை விற்ற காசை அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்து, பக்கத்துத் தோட்டத்து அக்காவோடு டூரிங் டாக்கீஸில் ரெண்டாவது ஆட்டம் பார்க்கப் போவாராம். ஒருநாள் திரும்பி வந்தால் அப்புச்சி சாளைக் கதவைத் தாழ் போட்டுவிட்டார். அம்மாயி கெஞ்சவில்லை. களத்தில் கொப்பரையில் மஞ்சள் வெந்துகொண்டிருந்த அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்த படத்தின் கதையை முதலிலிருந்து அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே விடிய வைத்தாராம். கரண்ட் போன ஒரு ராத்திரியில் நான் இதை அவளுக்குச் சொன்னேன். என் முதல் படத்துக்கு என்று மனதில் வைத்திருந்தேன். ஆனால் அதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் எதையும் மறைக்கவில்லை. "உங்க அம்மாயி சீன் எல்லாருக்கும் புடிச்சிருக்குடி" என்று அவளே குஷியாகச் சொன்னாள்.

எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவள் நல்லாயிருக்க வேண்டும் என்று பண்ணாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவளும் நான்தான், இப்போது வயிறு எரிபவளும் நான்தான். நான் கெட்டவளா? வேலைக்குப் போகட்டுமா, வேண்டாமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

உங்களுக்கு இரண்டு வலிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே "வயிற்றெரிச்சல்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

அவளுக்குப் படம் கிடைத்தது, உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது முதல் வலி. அவள் திருப்பூரில் ஒரு துணிக்கடை திறந்திருந்தால் நீங்கள்தான் முன்னால் நின்று ரிப்பன் வெட்டியிருப்பீர்கள், தூக்கமும் கெட்டிருக்காது. ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். 1980இல் வெளியான ஒரு சோதனையில் சிலரை, மற்றவர்கள் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதற்குக் குறிப்புக் கொடுக்க வைத்தார்கள். சும்மா விளையாட்டு என்று சொன்னபோது முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்கே உதவினார்கள். இது முக்கியமான திறமையை அளக்கும் சோதனை என்று சொன்னபோது நண்பருக்குத்தான் கடினமான குறிப்புகளாகப் போயின. நமக்கு உயிரான ஒரு துறையில், நமக்கு மிக நெருங்கிய ஒருவர் முந்தும்போதுதான் அதிகம் வலிக்கும். எங்கோ இருக்கிற ஒரு பெண் இயக்குநரானால் நமக்கு அது செய்தி, அவ்வளவுதான். ஒரே அறை, ஒரே பேட்டா, ஒரே கனவு என்று இருந்தவள் ஆனால் அது நம் உடம்பிலேயே படும். இந்த வலி வந்ததற்காக நீங்கள் கெட்டவள் இல்லை. அந்தச் சோதனையில் இருந்தவர்களைப்போல அவளுக்குக் கடினமான குறிப்பும் கொடுக்கவில்லையே. ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், வாழ்த்தினீர்கள், தனியாகப் போய் அழுதீர்கள். என்னைக் கேட்டால் இது கண்ணியமாக நடந்துகொண்டது.

இதில் உங்கள் துறைக்கும் பங்கு இருக்கிறது. தமிழில் முதன்முதலாகப் படம் இயக்கிய பெண் டி.பி. ராஜலட்சுமி, 1936இல், 'மிஸ் கமலா'. ஒளிப்பதிவில் பி.ஆர். விஜயலட்சுமி வந்தது 1985இல். அவர் ஒளிப்பதிவு செய்த அந்த முதல் படத்தை இயக்கியவர் உங்கள் கோபிப் பக்கத்துக்காரரான பாக்யராஜ். இவர்களைப் பற்றி யார் பேசினாலும் "முதல் பெண்" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது, பத்தாவது, நாற்பதாவது பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண்கள் மேக்கப் கலைஞராகச் சங்கத்தில் சேர முடியாது, தலை அலங்காரத்துக்கு மட்டும்தான் என்று மும்பைச் சினிமாச் சங்கம் ஒன்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 2014இல்தான். இப்படி ஒரு நாற்காலி மட்டும் போட்டிருக்கிற அறைக்குள் இரண்டு தோழிகளை அனுப்பினால், ஒருத்தி உட்கார்ந்ததும் மற்றவளுக்கு "என் இடம் போச்சு" என்று தோன்றத்தான் செய்யும். ஆண் உதவி இயக்குநர்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்து ஒருத்தன் படம் பண்ணினால், மற்ற மூவரும் "அடுத்து நம்ம" என்று கிளம்புவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்கள் மனசு பெரிது என்று அர்த்தமில்லை. நாற்காலிகள் நிறைய இருக்கின்றன என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது.

கேரளத்தில் ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு 2017இல் அங்கே சினிமாப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஒரே வாய்ப்புக்குப் போட்டி போடக்கூடியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த அழுத்தத்தில், சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய அமைந்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது. அது வெளியே வரவே 2024 ஆகஸ்ட் ஆனது. இந்தத் துறையில் பெண்களுக்கிடையில் இருக்கிற நட்புக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நீங்கள் டீக்கடையில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒருமுறை அடித்த போனும் அந்த வேலைதான். அவள் இன்று இயக்குநராக நிற்பதில் அந்த போனுக்கும் பங்கு உண்டு. இதை நீங்களே உங்களுக்கு ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்து அம்மாயி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக உறுத்தியது இதுதான். இங்கே உங்களுக்கு வருவது வயிற்றெரிச்சல் இல்லை. உங்களுடைய ஒன்று, நீங்கள் இன்னும் கொடுக்காமலே வேறு கைக்குப் போயிருக்கிறது. ஆனால் முதல் வலிக்காக ஏற்கெனவே வெட்கப்பட்டுக்கொண்டிருப்பதால், இதையும் அதோடு சேர்த்து முழுங்கப் பார்க்கிறீர்கள். "இதைக் கேட்டால் பொறாமையில் கேட்கிறாள் என்று நினைப்பாளே" என்று பயம். நல்ல தோழி என்றால் கேட்கக்கூடாது என்று நம் பெண்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டுப் பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற தோழிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. இருந்தாலும் ஒன்று தெரியும். வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று ஒரு சினிமா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லியிருக்கிறது. கரண்ட் போன ராத்திரியில் வாயால் சொன்ன குடும்பக் கதையை வைத்துக் கோர்ட்டில் நிற்பது கஷ்டம். ஆகவே இது உங்கள் இருவருக்குள் பேசி முடிய வேண்டிய விஷயம். அவள் மறைக்கவில்லை, குஷியாகத்தான் சொன்னாள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்தக் கதையை உங்கள் படத்துக்கு வைத்திருந்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவளிடம் மனசுக்குள் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

லொகேஷன் பார்க்க எப்படியும் கோபிக்கு வருவாள். அன்றைக்குப் பேசுங்கள், போனில் வேண்டாம், ஆர்ட் டைரக்டரும் மேனேஜரும் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். உங்கள் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அரிசிம்பருப்பும் நெய்யும் போட்டுச் சாப்பிட வைத்துவிட்டு நேராகச் சொல்லுங்கள்: "அம்மாயி கதைய நான் என் படத்துக்குன்னு வெச்சிருந்தேன்டி. உன்கிட்ட சொல்லல. இப்ப சொல்றேன்." அவ்வளவு போதும். பழைய கணக்கை எல்லாம் அன்றைக்கே எடுக்காதீர்கள். அவள் எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று கொஞ்ச நேரம் பேச விடுங்கள்.

அதற்கு முன்னால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். அந்தக் காட்சி படத்திலிருந்து போக வேண்டுமா? அல்லது இருக்கட்டும், திரைக்கதையில் உங்கள் பெயர் டைட்டில் கார்டில் வர வேண்டுமா? அல்லது அம்மாயிக்கு ஒரு நன்றி வந்தால் போதுமா? மூன்றில் எதைக் கேட்டாலும் தப்பில்லை. மனசுக்குள் முதலாவதை வைத்துக்கொண்டு வாயில் மூன்றாவதைச் சொல்லாதீர்கள், பிறகு அது வேறு எங்காவது வெடிக்கும். பெயர் போடுவது என்று பேசி முடித்தால் ஷூட்டிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் முதல் பட இயக்குநர். டைட்டில் கார்டில் அவள் சொல் மட்டும் செல்லுபடியாகும் என்று சொல்ல முடியாது, தயாரிப்பாளர் இருக்கிறார்.

அசோசியேட் வேலை பற்றி. நட்புக்காகப் போக வேண்டாம். சம்பளம் என்ன, பேட்டா என்ன, கார்டில் பெயர் எந்த இடத்தில் என்று கேட்டு, வேலையாக எடுத்துக்கொண்டால் போகலாம். முதல் ஷெட்யூலுக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, அதுவும் உங்கள் ஊரிலேயே நடக்கிறது. "நீ இருந்தாத்தான் தெம்பு" என்பதை நான் நம்புகிறேன். முதல் நாள் செட்டில் இருக்கிற அத்தனை பேர் கண்ணும், "இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்" என்றுதான் அவளைப் பார்க்கும். அவள் பயந்து போயிருக்கிறாள், உங்களிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் பயத்தைத் தாங்குவது உங்கள் கடமை என்று ஆகிவிடாது. மானிட்டருக்குப் பின்னால் நிற்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ளே கொதிக்கும் என்று தோன்றினால், "இப்ப என்னால முடியலடி, எனக்கும் என் கதை இருக்கு" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

அந்த "என் கதை" எங்கே இருக்கிறது? கடிதம் முழுக்கத் தேடினேன். அவளுடைய போஸ்டர், அவளுடைய பூஜை, அவளுடைய ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மாயி காட்சி இல்லாமல் உங்கள் படம் நிற்குமா என்று எழுதிப் பாருங்கள். அம்மாயிக்கு அந்த ஒரு ராத்திரி மட்டுமா நடந்தது? எழுதி முடித்ததும் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். நரேஷனுக்குப் போகும்போது கீழே டீக்கடையில் உட்கார இந்த முறை அவளைக் கூப்பிடுங்கள், வராமல் போகமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் சித்திக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. காப்பி கொடுத்தால் போதும்.

தூக்கத்தை மட்டும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். தோழியிடம் பேசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் இப்படியே போனால், அல்லது சாப்பாட்டிலும் வேலையிலும் மனம் ஒட்டவில்லை என்றால், மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.