பொங்கல் விறகை ஜூனிலேயே வாங்குங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தைப்பொங்கலுக்கு வாசலில் செங்கல் வைத்துப் பால் பொங்க வைக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் புகை கண்ணைக் கரிக்கிறது, பால் பொங்குவதற்குள் அம்மா சோர்ந்துவிடுகிறார். என்ன தப்பு? (சாட்ஸ்வொர்த்)

தப்பு உங்கள் அடுப்பில் இல்லை அக்கா, நாட்காட்டியில் இருக்கிறது. ஊரில் தை என்றால் மழை ஓய்ந்து அறுப்பு முடிந்த காலம். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு ஜனவரி என்பது டர்பனில் நல்ல மழைக்காலம், காற்றே ஈரமாக இருக்கும், அப்போது போய் விறகு வாங்கினால் ஈர விறகுதான் கிடைக்கும். பச்சை மரத்தின் எடையில் பாதிக்கு அருகில் தண்ணீர்தான். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கி வெளியே தள்ளிவிட்டுத்தான் பானையைப் பார்க்கும், அதுவரை சரியாக எரியாத பிசினும் வாயுவும் புகையாக உங்கள் கண்ணுக்கு வருகின்றன. ஆகவே மே, ஜூனில் வாங்குங்கள். இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். கை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து வைத்தால் செப்டம்பர் மழை தொடங்குவதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும், அப்புறம் மேலே மூடிப் பாதுகாத்தால் போதும். புரட்டாசிப் படையலுக்கும் அதே விறகு ஆகும்.

கேள்வி: பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) கொண்டுவந்து "காய்ந்த விறகு" என்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு கழன்று வர வேண்டும். ஆனால் வெளிப்பக்கம் மட்டும் காய்ந்த கட்டை எல்லோரையும் ஏமாற்றும், அதனால் ஒன்றை அங்கேயே பிளக்கச் சொல்லி உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம். ஈரமானி வைத்திருப்பவர்களும் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும், 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் தாராளமாக வாங்கலாம். எடை போட்டு விற்றால் இன்னும் கவனம், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

கேள்வி: எந்த மரம் நல்லது?

பெரிய அண்டாவுக்கு வாட்டில். சூடும் உண்டு, தணலும் நெடுநேரம் நிற்கும். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம் இது, இன்று ஆற்றங்கரைகளில் தானாகப் பரவி நீரைக் குடிக்கிறது, அதை எரிப்பதில் எனக்கு மனக்குறையே இல்லை. பைன் பற்றவைக்கும் சுள்ளிக்கு மட்டும். கமீல்டோரிங் என்ற முள்மரம் அருமையாக எரியும், ஆனால் 1998ஆம் ஆண்டு காட்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட மரம், உரிமம் உள்ளவரிடம் அல்லாமல் வாங்காதீர்கள். தம்போட்டி மரத்தை அடுப்புப் பக்கமே கொண்டுவர வேண்டாம், அதன் புகையில் சுட்ட இறைச்சி வயிற்றைக் கெடுக்கும். தோட்டத்து அரளியும் அப்படித்தான், ஒரு குச்சிகூட வேண்டாம்.

கேள்வி: பழைய வேலிக்கம்பங்கள், பேலட் பலகைகள் சும்மா கிடக்கின்றன. எரிக்கலாமா?

பச்சை சாயல் உள்ள கம்பத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். புகையும் விஷம், சாம்பலும் விஷம், அதில் பிராய் (தணலில் இறைச்சி சுடுவது) போட்டால் குழந்தைகள் சாப்பிடுவது அதைத்தான். கறுப்பாகத் தார்வாசம் அடிப்பதும் கூடாது. பேலட்டில் 'எச்.டி' (HT) என்ற முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். 'எம்.பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: சுவரோரம் அடுக்கினோம், கரையான் வந்துவிட்டது. பாம்பும் வருமோ என்று பயம். (ஃபீனிக்ஸ்)

பயம் நியாயமானது. எலி தங்கும் இடத்துக்குப் பாம்பு வரும், டர்பன் பக்கம் மாம்பாவும் உண்டு. வீட்டிலிருந்து தள்ளி, செங்கல் மேல் கம்பி வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பிளாஸ்டிக்கால் முழுக்கச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். எடுக்கும்போது கையுறை, இருட்டில் டார்ச்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் குளிர் தாங்கவில்லை. துளையிட்ட டிரம்மில் வெளியே மூட்டி, புகை அடங்கியபின் தணலோடு அறைக்குள் கொண்டுவருகிறோம். சரிதானே?

சரியே இல்லை தம்பி, இன்று இரவே நிறுத்துங்கள். புகை அடங்கிய தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும், குளிரால் வந்த அசதி என்று நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. சன்னலை விரல் அளவு திறந்து வைத்தேன் என்பது காப்பாற்றாது. புகைபோக்கி உள்ள அடுப்பு இருந்தால் மட்டும் உள்ளே நெருப்பு. இல்லையென்றால் வெளியே தண்ணீர் கொதிக்கவைத்து வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு போர்வைக்குள் போங்கள். யாருக்காவது தலைசுற்றினால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள், அப்புறம் மருத்துவமனை.

கேள்வி: சாம்பலைக் கறிவேப்பிலைக்குப் போடலாமா?

கொஞ்சமாகக்கூட வேண்டாம், மண்ணைக் காரமாக்கி இலையை மஞ்சளாக்கும். கீரைப் பாத்திக்குத் தூவுங்கள், ஆனால் நான்கைந்து நாள் மூடியுள்ள இரும்பு வாளியில் ஆறவிட்ட பிறகு. உள்ளே கங்கு உயிரோடு இருக்கும்.