ஆபரேஷன் தள்ளிப்போனது, கையிருப்பு கரைகிறது: வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: நான் கப்பலில் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 63, மனைவிக்கு 58. தொண்டியில் ஒரு பழைய மரப்படகை வாங்கி, அடுப்பு, படுக்கை, கழிப்பறை வைத்து, கரையோரமாகவே தூத்துக்குடி வரை போகலாம் என்று இருவரும் கிளம்பினோம். பாம்பன் வந்ததும் மனைவிக்கு வயிற்றுவலி. பித்தப்பையில் கல் என்றார்கள். ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன் என்று சொல்லி, சர்க்கரை அதிகம் இருந்ததால் ஜூன் 10க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். செலவு 90,000 ஆகுமாம். அதுவரை படகிலேயே இருக்கிறோம். மே முதல் வாரம் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ராமேஸ்வரம், தனுஷ்கோடி, ஏர்வாடி, உத்திரகோசமங்கை என்று சுற்றியதில் மூன்று வாரத்தில் 62,000 போய்விட்டது. நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது மாதம் 18,000 போதும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம் போட்டு 14 மாதம் ஆகிறது. வங்கியில் 4 லட்சம் வைப்புநிதி, போட்டு 10 மாதம். மருத்துவக் காப்பீடு 5 லட்சத்துக்கு உண்டு, வரும் ஜூன் 15ல் இரண்டு வருடம் முடிகிறது. கையில் ரொக்கம் தீரப்போகிறது. எதை உடைப்பது? படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காசு பார்க்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது வைப்புநிதியைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது இரண்டு தேதிகள். ஆபரேஷன் ஜூன் 10. காப்பீட்டுக்கு இரண்டு வருடம் முடிவது ஜூன் 15.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்ற சில நோய்களுக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கும். அது முடியும் முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூட வராது. உங்கள் பத்திரத்திலும் அந்த விதி இருந்தால், ஏப்ரலிலேயே ஆபரேஷன் நடந்திருந்தால் 90,000மும் உங்கள் கையிலிருந்துதான் போயிருக்கும். ஜூன் 10ல் நடந்தாலும் அதே கதைதான். ஐந்து நாள் வித்தியாசம் என்று எந்தக் கம்பெனியும் விட்டுக்கொடுக்காது. எனவே இன்றே பத்திரத்தை எடுத்து, காத்திருப்புக் காலப் பட்டியலில் பித்தப்பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ஒரு வாரம் தள்ளி, ஜூன் 17, 18 வாக்கில் தேதி கேளுங்கள். சர்க்கரை இறங்கவும் அது உதவும். ஆனால் இது டாக்டர் சம்மதித்தால் மட்டும்தான். நடுவில் காய்ச்சல், கண் மஞ்சளாவது, விடாத வலி என்று எது வந்தாலும் காப்பீட்டை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரீமியத்தை ஜூன் 15க்கு முன்பே கட்டிவிடுங்கள். வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை பாலிசி தொடர்ச்சி அறுந்துபோகாமல் காக்கும், அவ்வளவுதான். கட்டாமல் விட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடைக்காது. இன்னொன்று, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைச் செலவுகளைப் பல பாலிசிகள் 30 நாள் வரைதான் தரும். ஏப்ரலில் எடுத்த ஸ்கேன் பில் அதில் சேராது. மே நடுவிலிருந்து வரும் மருந்து, லேப் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசி எடுத்தபோதே உங்கள் வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை இருந்திருந்தால், அதை விண்ணப்பத்தில் எழுதினீர்களா என்றும் பாருங்கள். எழுதாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுப்பது அடிக்கடி நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். உங்கள் அஞ்சலக வட்டியே 8.2 சதவீதத்தில் 1,23,000 வருவதால் அந்த வழி இல்லை.

இப்போது ரொக்கம். அஞ்சலக வட்டி 30,750 உங்களுக்கு ஜூலை 1ல்தான் வரும். அதுவரைதான் இடைவெளி. அதற்காக 15 லட்சத்தைத் தொடாதீர்கள். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம், அதாவது 22,500 பிடித்துக்கொள்வார்கள். வங்கி வைப்புநிதியையும் உடைக்க வேண்டாம். ஒரு சதவீத அபராதம் என்று வைத்தாலே 10 மாதத்துக்கு 3,300 ரூபாய் போகும். அதே வைப்புநிதியின் மேல் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது வைப்பை ஈடாக வைத்து, வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளும் கடன். வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகப் போடுவார்கள். 60,000 எடுத்து இரண்டு மாதத்தில் கட்டினால், ஒரு சதவீதக் கூடுதலுக்கு உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு 100 ரூபாய். நகையை அடகு வைக்கவும் வேண்டாம், கிரெடிட் கார்டைத் தேய்க்கவும் வேண்டாம். ஓவர்டிராஃப்ட் வரம்பை 3 லட்சத்துக்கு மேல் வாங்கி வையுங்கள், ஆனால் 60,000க்கு மேல் எடுக்காதீர்கள். ராத்திரியில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்து, அந்த ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் (காப்பீட்டுக் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் வசதி) தராவிட்டால், முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். மீதி வரம்பு அதற்குத்தான்.

பயணிகளை ஏற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறை, கரையெல்லாம் கூட்டம். ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு என்று காப்பீடு செய்த படகில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்தில் அந்தக் காப்பீடு செல்லாது. உரிமம் இல்லாமல் ஏற்றியதற்கு வழக்கும் வரும். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 பேர் இறந்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. இறந்தவர்களில் குழந்தைகள் பலர். நாளைக்கு ஆயிரம், இரண்டாயிரம் வருமானத்துக்காக உங்கள் 19 லட்சத்தையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கக் கூடாது. வேலையெல்லாம் ஆபரேஷன் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் பேரப்பிள்ளைகளை ஏற்றுவதும் வடகடல் (பாக் நீரிணை) பக்கம், கரையோரம், லைஃப் ஜாக்கெட்டோடு என்று மட்டும் இருக்கட்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் தென்கடல் (மன்னார் வளைகுடா) எப்படி இருக்கும் என்று நீங்களே அறிவீர்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கினால் வனத்துறை வழக்குப் போடும். குருசடைத் தீவைக் காட்ட வேண்டுமானால் வனத்துறைப் படகிலேயே கூட்டிப்போங்கள். தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது. 1964 புயலில் அழிந்த தேவாலயத்தைப் பார்க்கவும் அரிச்சல்முனையில் நிற்கவும் வாடகைக் கார் எதற்கு?

அப்புறம் அம்மா. ஆபரேஷன் தள்ளிப்போனதே சர்க்கரையால்தான். ஊர் சுற்றும்போது ஓட்டல் பரோட்டாவும் கோயில் பிரசாதமும் வேளை தவறிய சாப்பாடும் சேர்ந்தால் மறுபடி தள்ளிப்போகும். இப்போதைய வேகத்தில் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு 20,000 ஆகிறது. அதனால் சர்க்கரை பார்க்கும் கருவிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் செலவு செய்யத் தயங்காதீர்கள். மற்றவர்கள் சுற்றட்டும், அவர் பாதி நாளாவது படகில் தன் சமையலைச் சாப்பிட்டு ஓய்வெடுக்கட்டும். படகையும் ராமநாதபுரம் போகும் ரோட்டுக்கு எட்டும் இடத்திலேயே நிறுத்துங்கள். மண்டபம் பக்கம் இன்னும் வசதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது.

லாட்ஜ் வாடகையும் கார் வாடகையும் நீங்களே கொடுத்ததாகத் தெரிகிறது. மகளையும் மருமகனையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர்கள் தங்கள் பங்கைத் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.