நால்வர் உள்ள வீட்டிற்கு எத்தனை லிட்டர் ஏர் ஃப்ரையர் வாங்கலாம்?

கடலூரில் நால்வர் உள்ள உங்கள் குடும்பத்திற்கு 4 லிட்டர் ஏர் ஃப்ரையர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் கருத்து, 5.5 முதல் 6.5 லிட்டர் வரை உள்ளதை வாங்குங்கள். லிட்டர் கணக்கு கூடையின் கொள்ளளவை மட்டுமே சொல்கிறது. ஆனால் துறைமுகத்தில் வாங்கிவந்து மசாலா தடவிய வஞ்சிரத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இடையில் சூடான காற்று புகாமல், மேல்துண்டு முறுகும்போது அடித்துண்டு நீர்விட்டு வெந்து மசாலாவும் உதிர்ந்துவிடும் என்பதால், கூடையின் அடிப்பரப்பையே முதலில் பார்க்க வேண்டும். சதுரக் கூடையில் துண்டுகளைப் பரப்புவது எளிது. இருவர் மட்டுமே என்றால் 4 லிட்டர் தாராளம். பெரிய கருவிகள் பெரும்பாலும் 1500 வாட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் எடுப்பவை. ஆகவே சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன் தயவுசெய்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.