கிடா எப்போது தலையைச் சிலுப்பும்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டிச் சேர்ந்து கதை சொல்லும் மேசை ஆட்டம் அது. போன மாத ஆட்டத்தில் ஒரு கிடா வெட்டு வந்தது. அதிலிருந்து கேள்விமேல் கேள்வி. முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, என் கதையில் பூசாரி ஆடு வெட்டினார், ரத்தம் ஓடியது என்று விலாவாரியாகச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. ஏன்? (செந்தூல் தம்பி)

விஷயம் வெட்டில் இல்லை தம்பி, அதற்கு முன்னால் இருக்கிறது. என் தாத்தா வேலை செய்த தோட்டத்து முனீஸ்வரர் கோவிலில் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. அதுவரை யாரும் பேசமாட்டார்கள். பழைய கிரேக்கர்களும் தண்ணீர் தெளித்து, மாடு தலையசைத்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சொம்பை ஒரு ஆட்டக்காரர் கையில் கொடு. இருபது பக்கப் பகடையை உருட்டச் சொல். பத்துக்குக் கீழே விழுந்தால் கிடா கல் மாதிரி நிற்கிறது. இப்போது ஊரே அவரைப் பார்க்கும். மறுபடி தெளிப்பதா, ஊரில் யார் குற்றம் செய்தது என்று தேடுவதா? எங்கள் மேசையில் முக்கால் மணி நேரம் அரிவாளை யாரும் தொடவே இல்லை. திருடன் கேரக்டர் உண்டியலில் கை வைத்ததை ஒப்புக்கொண்டது அங்கேதான்.

சாமிக்குக் கொடுத்ததை மனிதர்கள் சாப்பிடலாமா? எங்கள் குழுவில் இதற்கே சண்டை. (பட்டர்வொர்த்)

தாராளமாக. கிரேக்கர்கள் எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரித்து, புகையைச் சாமிக்கு விட்டுவிட்டு, கறியை ஊருக்குப் பங்கு போட்டார்கள். இப்படி ஒரு பங்கீட்டை ஏற்படுத்தி தேவர்களின் தலைவன் ஸியூஸை ஏமாற்றியவன் புரொமீத்தியஸ் என்பது அவர்கள் கதை. நம் ஊரிலும் படையல் முடிந்தால் கறிச்சோறுதானே!

உங்கள் சண்டையையே கதைக்குள் கொண்டுவாருங்கள். தலை யாருக்கு, முதல் பந்தியில் யார்? அயர்லாந்தின் பழங்கதைகளில் சிறந்த வீரனுக்கான கறித்துண்டு யாருக்கு என்று வாளையே உருவுவார்கள். நம் கல்யாண வீடுகளில் வாள் மட்டும்தான் இல்லை.

விருந்துக்கு 'ஹீரோஸ் ஃபீஸ்ட்' மந்திரம் இருக்கிறதே, அது போதாதா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப்புத்தகத்தில் அது 6ஆம் நிலை மந்திரம். 1,000 பொற்காசு மதிப்புள்ள ரத்தினக் கிண்ணம் செலவாகும், 12 பேர் உண்ணலாம், உண்டு முடிக்க ஒரு மணி நேரம். பிறகு 24 மணி நேரம் விஷமும் பயமும் அண்டாது. எல்லாரும் "சரி, சாப்பிட்டாச்சு" என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல். அந்த ஒரு மணி நேரத்தை ஆடுங்கள். ஆளுக்கொரு பதார்த்தம் சொல்லட்டும். எங்கள் குள்ளவீரன் செத்துப்போன அம்மாவின் கருவாட்டுக் குழம்பைக் கேட்டான், மேசையே அமைதியாகிவிட்டது.

ரூன்க்வெஸ்ட் ஆடிப் பார்க்கலாமா?

பாருங்கள். 1978இல் வந்த இன்னொரு கதை ஆட்டம் அது. அங்கே தெய்வத்தின் மந்திரம் வேண்டுமானால் உங்கள் கேரக்டரின் ஆன்மபலத்திலிருந்தே புள்ளிகளைப் பலி கொடுக்க வேண்டும். ஆட்டைக் கொடுப்பதைவிட அது வலிக்கும்.

எங்கள் குழுவில் ஒருவர் சைவம், ஒருவர் முஸ்லிம், இருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். (கிள்ளான்)

முதல் நாளே எல்லாரிடமும் கேளுங்கள். கேட்காமல் நான் ஒருமுறை நூறு காளை பலியை அவிழ்த்துவிட்டேன். ஒரு தோழி அடுத்த வாரம் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். இப்போது வெட்டு திரைக்குப் பின்னால் நடக்கும், எக்ஸ் அட்டை மேசைமேல் இருக்கும், தொட்டால் காட்சி அந்த இடத்தில் நிற்கும். குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்தாலும் சாமிக்குப் போதும். இதற்கும் பகடை உருட்டலாம்.

பலி வரும் இரவு மேசையில் என்ன சாப்பாடு வைப்பீர்கள்?

நாசி லெமாக் பொட்டலம். ஒருமுறை மட்டன் பிரட்டல் வாங்கி வைத்தேன், கிடா சிலுப்பிய பிறகு யாரும் கை வைக்கவில்லை.