பச்சை இஞ்சிக்கும் சுக்குக்கும் மருத்துவ குணத்தில் வித்தியாசம் உண்டா?

உண்டு. கிழங்கு ஒன்றுதான், ஆனால் காய்ந்தபின் உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிடுகிறது.

பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. காயும்போது அது நீரை இழந்து ஷோகால் ஆகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம். சுக்கைக் கடித்தால் சுரீரென்று ஏறுவது அதனால்தான். கொதிக்கவிட்டால் ஜிஞ்சராலில் ஒரு பங்கு ஜிஞ்சரோனாக மாறும். அது அவ்வளவு உறைக்காது, வாசனையும் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். இஞ்சிக்கே உரிய அந்த மணம் ஜிஞ்சிபெரீன் முதலான எண்ணெய்களுடையது.

நான் ரங்கூனில் இருக்கிறேன். இங்கே சாப்பாட்டுக்குப் பிறகு 'ஜின் தோ' சாப்பிடுவார்கள். பிஞ்சு இஞ்சியை மெல்லிசாகச் சீவி, உப்பில் பிசறிப் பிழிந்து, எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்தால் இளஞ்சிவப்பு ஏறும். வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பருப்பு, பூண்டு எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள். நம் வீடுகளிலும் இது சகஜம். செரிமானத்துக்கு என்று பர்மாக்காரர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை: இரைப்பையில் கிடக்கும் உணவைச் சீக்கிரம் குடலுக்குத் தள்ள இஞ்சி உதவுகிறது என்று ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது.

நல்ல ஆதாரம் இருப்பது குமட்டலுக்கு. குறிப்பாக மசக்கைக்கு. நாளுக்கு 1 கிராம் அளவு இஞ்சிப் பொடியைப் பிரித்துக் கொடுத்துத்தான் பெரும்பாலும் சோதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய அரை டீஸ்பூன். குமட்டல் குறைகிறது, வாந்தி அந்த அளவுக்கு நிற்பதில்லை. என் தங்கைக்கு அவள் டாக்டரே இதைச் சொன்னார். கர்ப்பிணிகள் கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

மாதவிலக்கு வலிக்கும் பலன் தெரிகிறது. மூட்டு வலிக்கு ஓரளவுதான். சளி பிடித்தால் சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், சளியைத் தீர்த்துவிடாது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம், தயவுசெய்து. ஆய்வகத்தில் செல்கள்மேல் பார்த்ததை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறார்கள்.

சுக்கை மேல்தோல் சீவிவிட்டுத்தான் இடிக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடிக்காதீர்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குழம்பில் போடும் இஞ்சியால் பயமில்லை. பொடியாகவோ கேப்ஸ்யூலாகவோ தினமும் எடுப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பித்தப்பைக் கல் இருப்பவர்களும் அப்படியே.